அரை மில்லி காலண்டர்

ஜூலை 1, திங்கள்

இந்த டைரி கம்பெனி கொடுத்தது. ஜனவரியில் டீலர்களுக்குக் கொடுத்து மிஞ்சியது. முதல் ஆறு மாதத் தாள்கள் காலியாகக் கிடக்க, நான் நடுவிலிருந்து தொடங்குகிறேன்.

இன்று வேலையில் சேர்ந்தேன். சின்னவேடம்பட்டியில் பம்பு செய்கிற கம்பெனி. டிசைன் பிரிவில் டிரெய்னி. ஆறு மாதம் பார்ப்பார்கள். பிடித்தால் வைத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் டிசம்பர் 31-ஓடு சரி. டைரியின் முன்பக்கத்தில் வருடம் முழுவதும் ஒரே பார்வையில் தெரிகிற மாதிரி தனி அட்டை ஒன்று செருகியிருக்கிறார்கள். அதில் டிசம்பர் 31-ஐச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். பயத்தால் அல்ல. தகவலுக்காக.

டிசைன் தலைவர் சம்பத் சார் பெயர் கேட்டார். சொன்னேன். அவர் காதில் விழவில்லை. மறுபடி சொன்னேன். மறுபடியும் விழவில்லை. மூன்றாவது முறை அடையாள அட்டையைக் காட்டினேன்.

"மௌனிகா. யோசிச்சுத்தான் வெச்சிருக்காங்க."

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "வேல பர்மனென்டா கண்ணு?"

அம்மா நூல் மில்லில் பதினேழு வருடமாகத் தற்காலிகம். "ஆமாம்மா" என்றேன். முதல் முறையிலேயே தெளிவாகக் கேட்டது.

ஜூலை 2, செவ்வாய்

அம்மா தெரு முழுக்க மைசூர்பாக் கொடுத்துவிட்டாள்.

ஜூலை 5, வெள்ளி

என் வேலை என்னவென்று இன்றுதான் புரிந்தது. கம்பெனி புது சாஃப்ட்வேர் வாங்கியிருக்கிறது. ஒரு பம்பு யோசனையாக இருக்கும்போதே அதில் பதிய வேண்டும். வரைபடம், பாகங்கள், எந்தத் தேதியில் என்ன திருத்தம், விற்ற பிறகு என்ன புகார், எப்போது நிறுத்தினோம், எல்லாம் அதில் ஏறிக்கொண்டே இருக்கும்.

"பம்போட ஜாதகம்னு வெச்சுக்க" என்றார் சம்பத் சார்.

ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண், ஒரு நிலை. வரைவு, ஆய்வு, வெளியீடு, ஓய்வு. திருத்தினால் 'ஏ', 'பி' என்று கூடவே ஓர் எழுத்து. இதுவரை பீரோவிலும் ஆட்களின் தலைக்குள்ளும் இருந்ததை எல்லாம் ஏற்ற வேண்டும். பீரோ சாவியை என்னிடம் கொடுத்தார். தலைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் சோதித்துப் பார்த்தேன். காலை இட்லி: வெளியீடு. சாயங்கால உப்புமா: அதே இட்லி, திருத்தம் 'ஏ'. மிக்சி: ஓய்வு பெற்றும் வேலைக்கு வருகிறது. கதிர்வேல் மாமாவின் கல்யாணம்: ஒன்பது வருடமாக ஆய்வில். மௌனிகா: வரைவு.

ஜூலை 11, வியாழன்

எனக்கென்று ஒரு வெர்னியர் கொடுத்திருக்கிறார்கள். மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குவரை அளக்கும். அம்மாவின் தோசை 1.8. கேன்டீன் தோசை 4.1. இந்த டைரியின் வருட அட்டை 0.5. சம்பத் சாரின் பொறுமையை அளக்கக் கருவி இல்லை.

பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு நேர் வழி உண்டு. பிள்ளையார் கோயில் வழி கொஞ்சம் சுற்று. நடப்பது உடம்புக்கு நல்லது.

ஜூலை 24, புதன்

கே-2 மாடல் பம்பின் பாகங்களைப் படத்தோடு ஒப்பிட்டு டிக் அடிக்க அசெம்பிளிக்கு அனுப்பினார்கள். படத்தில் நாற்பத்தொரு பாகம். மேசையில் நாற்பத்திரண்டு. மூன்று முறை எண்ணினேன்.

பாகங்களைச் சேர்த்துப் பம்பு பூட்டுகிறவர் வசந்தாமணி அக்கா. பத்தொன்பது வருடமாக இதே மேசை. கை பம்பில் இருக்கும், வாய் ஊரெல்லாம் சுற்றிவரும்.

"இது என்னங்க்கா?"

"எது?"

"இந்த அட்டை வளையம்."

"காலண்டர் வாஷர்" என்றார், உப்பு என்று சொல்வதுபோல.

பேரிங்கை மூடுகிற கவருக்குள் அதை வைத்து, மேலே பேரிங்கை உட்கார வைத்தார். கம்பெனி வருடா வருடம் மாதக் காலண்டர் அச்சடிக்கிறது. மேலே சாமி படம், கீழே தேதிகள். மிஞ்சுவதெல்லாம் ஸ்டோரில் கட்டுக்கட்டாக இருக்கிறது. அதிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டிக்கொள்கிறார்கள்.

"எதுக்குங்க்கா இது?"

"போடாம வுட்டா பம்பு கரகரன்னு கத்தும் அம்முணி. எம்மாமியாராட்டவே."

"படத்துல இல்லீங்களே."

"எம்மாமியாளுந்தான் கல்யாணப் பத்திரிகைல பெருசா இல்ல. வந்தப்பறம்தான தெரியுது." அடுத்த அட்டையை எடுத்தார். "சாமி படத்துல கத்திரி வெக்க மாட்டோம். தேதிய மட்டுந்தான் வெட்டுவோம். போன தேதி யாருக்கு வேணும்?"

ஆகஸ்ட் 8, வியாழன்

சம்பத் சாரிடம் கேட்க வேண்டிய வாக்கியத்தை இரண்டு பஸ்ஸிலும் சொல்லிப் பார்த்தேன். "சார், கே-2வில் படத்தில் இல்லாத ஒரு பாகம் இருக்கிறது." மொத்தம் ஏழு சொல். முடியாத காரியமில்லை.

அவர் போனில் இருந்தார். கால் மணி நேரம் நின்றேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "என்னம்மா?" என்றார்.

"சார், கே-2வில்..."

"படத்துல இருக்கறத மட்டும் ஏத்து. சந்தேகமெல்லாம் அப்புறம்."

'அப்புறம்' என்று சாஃப்ட்வேரில் ஒரு நிலை இல்லை. நாற்பத்தொரு பாகம் ஏற்றினேன். 'பட்டியல் முழுமையானது' என்ற கட்டத்தில் டிக் கேட்டது. அடித்தேன்.

ஸ்டோர் பொறுப்பாளர் லோகநாதன் மீசை வளர்க்கிறார் போல. சரியாகக் கவனிக்கவில்லை. இடப்பக்கம் கொஞ்சம் மெலிது.

கோயில் வழி.

செப்டம்பர் 10, செவ்வாய்

பல்லடம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பழைய கே-2 ஒன்று ரிப்பேருக்கு வந்தது. பிரிக்கும்போது பக்கத்தில் நின்றேன். கவருக்குள் கிரீஸில் ஊறிக் கறுத்த வாஷர். வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரிந்தது. 2009, ஆடி 18. பம்பு பதினைந்து வருடம் ஓடியிருக்கிறது. ஆடி 18-ஐத் தாண்டவில்லை.

அக்டோபர் 9, புதன்

ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்கிறோம். பூஜை முடிந்த மறுநாள் சாஃப்ட்வேர் நடைமுறைக்கு வருகிறது. அதற்குள் பட்டியலில் எண் இல்லாத எந்தப் பொருளும் ஸ்டோரில் இருக்கக் கூடாது என்று உத்தரவு. லோகநாதன் பட்டியலும் கையுமாக ஒவ்வொரு அலமாரியாக வந்தார். பட்டியலின் கீழே 'தயாரித்தவர்: மௌனிகா' என்று இருந்தது.

"காலண்டர் கட்டு மூணு. உங்க லிஸ்ட்ல இல்லீங்களே. பழைய பேப்பருக்குப் போட்டரலாமுங்களா?"

வாயைத் திறந்தேன். ஒட்டடை உள்ளே போனது. மூடிக்கொண்டேன்.

அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. மானிட்டருக்குச் சந்தனம், கீபோர்டுக்குக் குங்குமம். பூசணிக்காய் உடைத்தார்கள். எம்.டி. பட்டனை அழுத்தினார், விரலெல்லாம் சிவப்பு. இனி எண் இல்லாமல் ஒரு ஆணிகூட ஸ்டோரிலிருந்து நகராது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், சத்தம் வராமல்.

அக்டோபர் 17, வியாழன்

வசந்தாமணி அக்காவின் டப்பாவில் ஏற்கெனவே வெட்டிவைத்த வாஷர்கள் இருந்ததால் இத்தனை நாள் ஓடியது. இன்று சம்பத் சார் கண்ணில் டப்பா பட்டது.

"என்னக்கா இது?"

"காலண்டர் வாஷருங்க."

"பம்புக்குள்ள குப்பையப் போடறீங்களா? நம்பர் எங்க? படம் எங்க?"

டப்பாவை எடுத்துக் குப்பைக்கூடையில் கவிழ்த்தார்.

"குப்பைங்களா?" என்றார் அக்கா. "செரிங்க."

அந்தச் 'செரிங்க'வுக்குப் பிறகு அவர் வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா பேசாமலிருந்து யாரும் பார்த்ததில்லையாம். டீ கொண்டுவருகிறவர் காய்ச்சலா என்று கேட்டுப்போனார்.

அக்டோபர் 18, வெள்ளி

இருபத்திரண்டு பம்பு சோதித்தார்கள். இருபத்திரண்டும் கத்தின. அந்த மாமியாரை நான் பார்த்ததில்லை. இப்போது குரல் தெரியும்.

அக்டோபர் 21, திங்கள்

தீபாவளிக்கு முன்னால் நானூறு கே-2 லாரி ஏற வேண்டும். பெரிய டீலர், முதல் ஆர்டர். சம்பத் சார் பேரிங்தான் காரணம் என்றார். பேரிங் கொடுக்கிறவரைக் கூப்பிட்டுத் திட்டினார். வேறு பேரிங் வந்தது. கத்தியது. மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டியதுதான் காரணம் என்று அந்தப் பிரிவுக்குப் போய்த் திட்டினார். திரும்பிவந்து சோதித்தார். கத்தியது.

மற்ற பிரிவுகளில் இருப்பவர்கள் புது சாஃப்ட்வேர் ராசியில்லை என்கிறார்கள். பூசணிக்காயைச் சரியாக உடைக்கவில்லை என்றும் ஒரு கட்சி.

கோயில் வழி. இரண்டு சுற்று.

அக்டோபர் 22, செவ்வாய்

அக்காவிடம் போனேன். "சார்கிட்ட சொல்லுங்க்கா."

"குப்பையப் பத்தி நான் என்னத்தச் சொல்றது? அவுரு வாயத் தொறந்து கேக்கட்டும், சொல்றேன். நீ சொல்லேன். படிச்சவதான?"

"எனக்குப் பேச வராதுங்க்கா."

"எங்கிட்டப் பேசறயே."

"நீங்க கேக்கறீங்க."

அக்கா ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு தன் டிபன் பாக்ஸிலிருந்து பாதி முறுக்கை ஒடித்துக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

அக்டோபர் 23, புதன்

ஏன் அந்த வாஷர் வேண்டியிருக்கிறது என்று தெரியாமல் சொன்னால் மறுபடியும் குப்பை என்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோருக்குப் போனேன். லோகநாதன் பெட்டிகளைப் பிரித்துக் கொடுத்தார். முப்பது கவரை அளந்தேன். பேரிங் உட்காருகிற குழியின் ஆழம் படத்தில் 14 மில்லி. முப்பதிலும் 14.5.

"வார்ப்பு அச்சு உடஞ்சு புதுசு போட்டாங்க. பத்தொம்பது வருசம் ஆச்சு" என்றார் லோகநாதன், பழைய ரிஜிஸ்டரைப் புரட்டி. "அளவு பாக்கற கேஜையும் அதுக்குத் தகுந்த மாதிரி அப்பவே மாத்திட்டாங்க. படத்த மாத்தல."

அப்படியென்றால் எல்லோருக்கும் எல்லாம் சரி. கேஜ் சரி என்கிறது, படம் சரி என்கிறது, நடுவில் அரை மில்லி காலி. அந்த இடைவெளியில் தண்டு முன்னும் பின்னும் ஆடுகிறது. அக்கா அதில் தேதியை வைத்து அடைத்துவந்திருக்கிறார். நான் அந்தத் தேதிகளைப் பழைய பேப்பருக்குப் போடவைத்திருக்கிறேன்.

இதை இங்கே எழுதிவைக்கிறேன். பட்டியல் என்னுடையது. டிக் என்னுடையது.

லோகநாதன் மீசையை எடுத்துவிட்டார். எனக்கென்ன. நன்றாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 24, வியாழன்

ஸ்டோரில் காலண்டர் இல்லை. வெளியே வாங்கிய அட்டை 0.3, அதற்கடுத்தது 0.8. அப்போதுதான் இந்த டைரி ஞாபகம் வந்தது. இதன் வருட அட்டை அதே அச்சகம், அதே அட்டை. ஜூலையில் நானே அளந்திருக்கிறேன்.

டீ இடைவேளையில் அக்காவிடம் நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாமி படம் இல்லியே?"

"இல்லீங்க்கா."

"இதென்ன செவப்பு வட்டம்?"

"ஒண்ணுமில்லீங்க்கா. வெட்டுங்க."

வட்டத்தோடு சேர்த்து வெட்டினார். பம்பைப் பூட்டினோம். சுவிட்சைப் போட்டேன். தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மாலையில் வாஷருக்குப் படம் வரைந்தேன். நிலை: வரைவு. பொருள்: அட்டை, 0.5 மி.மீ. குறிப்பு ஒன்று: கிரீஸ் தடவிப் பொருத்தவும். குறிப்பு இரண்டு: சாமி படம் வரும் பகுதியை வெட்டக் கூடாது. வடிவமைத்தவர்: வசந்தாமணி, அசெம்பிளி. வரைந்தவர்: மௌனிகா.

கீழே 'ஒப்புதலுக்கு அனுப்பு' என்ற பட்டன். அதைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸைத் தவறவிட்டேன்.

அக்டோபர் 25, வெள்ளி

காலை பத்தரைக்கு எம்.டி. அறையில் கூட்டம். மேசையைச் சுற்றிப் பதினொரு பேர். நான் கதவோரம், குறிப்பெடுக்க, மடியில் லேப்டாப்.

சம்பத் சார் பேசினார். பேரிங், காயில், தண்டு எல்லாவற்றையும் ஒரு சுற்று குற்றம் சொல்லிவிட்டு, "ஆர்டரைத் திருப்பி அனுப்பறத தவிர வழி தெரியலீங்க" என்றார். முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான்கு நாளாகத் தூங்கவில்லை.

எம்.டி. மேசையைப் பார்த்தபடி கேட்டார். "இங்க யாருக்காச்சும் ஏதாச்சும் தெரியுமா?"

தெரியும். பத்து எண்ணிவிட்டுச் சொல்வது என்று முடிவு செய்தேன். பத்து எண்ணினேன். எம்.டி. போனை எடுத்தார், டீலரைக் கூப்பிட.

பட்டனை அழுத்தினேன்.

பதினொரு போன்களும் ஒரே நேரத்தில் கிணுகிணுத்தன. எம்.டி. கையிலிருந்ததும். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சத்தமாகப் படித்தார்.

"புதிய பாகம். காலண்டர் வாஷர். உங்கள் ஒப்புதல் தேவை. சாமி படம் வரும் பகுதியை... என்னய்யா இது?"

எல்லோரும் போனைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர், கடைசியில் கதவோரத்தை.

"நீயாம்மா?"

எழுந்து நின்றேன். லேப்டாப் நழுவப் பார்த்தது. "கவர் அரை மில்லி ஆழமா இருக்குதுங்க சார். முப்பதும் அளந்தேன். வாஷர் போட்டா சத்தம் இல்ல. நேத்து பூட்டின பம்பு டெஸ்ட் மேசைல இருக்குது."

அத்தனை பேரும் கீழே இறங்கிப் போனார்கள். சுவிட்சைப் போட்டார்கள். எம்.டி. காதைப் பம்பின் மேலேயே வைத்தார். நிமிரும்போது காதில் கிரீஸ்.

"எப்பத்தில இருந்து தெரியும்?"

"ஜூலை 24-ல இருந்துங்க."

"மூணு மாசம் ஏன் சொல்லல?"

சம்பத் சார் தரையைப் பார்த்தார். 'படத்துல இருக்கறத மட்டும்' என்று அவர் சொன்னதை நான் சொல்லிவிடுவேனோ என்று நினைத்திருக்கலாம். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை.

"பயமா இருந்துச்சுங்க சார். லிஸ்ட் முழுசுன்னு நான்தான் டிக் அடிச்சேன்."

சம்பத் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தப் புள்ள ஆகஸ்ட்லயே வந்துச்சுங்க. நான்தான் காது குடுக்கல" என்றார். உடனே பழைய வேகம் வந்துவிட்டது. "செரி, அச்சைத் திருத்திடலாம். கவர் படத்துப்படி வந்திரும். வாஷரே தேவையில்ல. இத ரிஜெக்ட் பண்ணிடலாம்."

"வேண்டாங்க சார்."

சொன்னது நானா என்று எனக்கே சந்தேகம்.

"வெளிய ஓடற பழைய பம்பு என்ன ஆகறதுங்க? பத்தொன்பது வருசப் பம்பு. அதுக்கெல்லாம் இந்த வாஷர் வேணும். புதுக் கவருக்கும் பழைய நம்பரே குடுத்தா, மெக்கானிக் பழக்கத்துல வாஷரையும் போட்டு முறுக்குவாரு. பேரிங் இறுகிப்போகும். புதுக் கவருக்குப் புது நம்பர் வேணும். பழைய கவர், வாஷர் ரெண்டும் உயிரோட இருக்கணும். கடைசிப் பழைய பம்பு நிக்கறப்பதான் வாஷருக்கு ஓய்வு."

இவ்வளவு நீளமாக நான் கல்லூரி நேர்முகத்தில்கூடப் பேசியதில்லை.

எம்.டி. அசெம்பிளிப் பக்கம் திரும்பினார். "ஏம்மா வசந்தாமணி, இத்தன வருசமா நீ ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலீங்க."

"கடைசிப் பம்பு எப்ப நிக்கும்?"

"நம்ம பம்புங்க அது. நம்ம காலத்துல நிக்காது."

எம்.டி.க்கு முகம் மலர்ந்துவிட்டது. அங்கேயே நின்று போனில் ஒப்புதல் கொடுத்தார். குறிப்பு இரண்டை மட்டும் எடுத்துவிடலாமா என்று சம்பத் சார் மெதுவாகக் கேட்டார், வரைபடத்தில் அப்படியெல்லாம் எழுதுவதில்லையாம்.

"எடுத்தா நான் பூட்ட மாட்டனுங்க" என்றார் அக்கா.

குறிப்பு இரண்டு இருக்கிறது.

அக்டோபர் 29, செவ்வாய்

அச்சகத்திலிருந்து அதே அட்டையை லோகநாதன் மூட்டையாகக் கொண்டுவந்தார். நானூறாவது பம்பு இன்று மதியம் லாரி ஏறியது. அக்கா ஸ்டோர் ஜன்னலில் வாஷர் கேட்கும்போது எண்ணையும் ஒரு முறை சொல்கிறார், எட்டு இலக்கம், மனப்பாடம். யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறார்.

நவம்பர் 14, வியாழன்

அசெம்பிளிக்கு ஒரு கணினி வந்தது. அக்காவுக்குக் கடவுச்சொல் போட்டுக் கொடுத்தேன். உள்ளே போனதும் முதல் வேலையாகத் தன் பெயர் இருக்கிற படத்தைத் திறந்து, பக்கத்தில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அடுத்து, படத்தில் இல்லாத இன்னும் ஆறு சங்கதிகள் சொன்னார். ஒன்று சைக்கிள் டியூப் சம்பந்தப்பட்டது. சம்பத் சார் உட்கார்ந்துவிட்டார். ஆனால் முழுவதையும் கேட்டார்.

டிசம்பர் 31, செவ்வாய்

வீட்டுக்கு வந்தால் டிவி மேல் ஒரு கவர், பிரிக்கப்பட்டு. கம்பெனியிலிருந்து தபாலில் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு டீச்சர் படித்துச் சொல்லியாயிற்று.

"ஏங்கண்ணு" என்றாள் அம்மா, வெங்காயம் நறுக்கிக்கொண்டே. "பர்மனென்டு வேலைக்கு எதுக்கு மறுக்கா பர்மனென்டு லெட்டரு?"

"அது... திருத்தம் 'ஏ', அம்மா."

அம்மா நிமிரவில்லை. "பர்மனென்டானவ, நேர் வழிய வுட்டுப்போட்டு எதுக்கு ஆறு மாசமாக் கோயிலச் சுத்தீட்டு வருவா? எனக்கு மொத வாரமே தெரியும்."

"அப்பறம் ஏம்மா கேக்கல?"

"நீ சொல்லுவீன்னு பாத்தேன்."

நறுக்கிய வெங்காயத்தை வழித்துச் சட்டியில் போட்டாள்.

"செரி, இப்ப எதாச்சும் இனிப்புப் பண்ணோணும். தெருவுல என்னன்னு சொல்லிக் குடுக்கறது? மைசூர்பாக் அன்னிக்கே குடுத்தாச்சு."

"நெசத்தச் சொல்லிக் குடும்மா."

"நீ குடு. நீயே சொல்லு."

பதினான்கு வீடு. பதினான்கு வீட்டிலும் நானே சொன்னேன். மூன்று வீட்டில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

திரும்பிவந்து, சிவப்பு வட்டத்தை அடித்துவிடலாம் என்று இந்த டைரியின் முன்பக்கத்தைத் திருப்பினேன். அட்டை இல்லை. மறந்தே போயிருந்தது. என் டிசம்பர் 31 ஒரு கே-2வுக்குள் இருக்கிறது, எந்தத் தோட்டத்திலோ தண்ணீர் இறைத்துக்கொண்டு. அந்தப் பம்புக்கு இனி எப்போதும் டிசம்பர் 31தான்.

எனக்கு நாளை ஜனவரி.